பதின்மூன்று வயதில் பிள்ளையைக் கழித்துவிடாதீர்கள்

"பிள்ளை கெட்டிக்காரன்தான். ஆனால் ஆள் பொடி. றக்பிக்குச் சரிவர மாட்டான்." இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனிதராகத்தான் இருப்பார். பள்ளி முடிந்த பிறகும் மைதானத்தில் நிற்கிற ஆசிரியராக, சம்பளம் வாங்காமல் பழக்குகிற பயிற்றுவிப்பாளராக இருப்பார். கண்ணில் பட்டதைத்தான் சொல்கிறார். ஆனால் 13 வயதில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து, அவன் 18 வயதில் எப்படி நிற்பான் என்று கண்ணளவில் சொல்ல எவராலும் முடியாது. நம்முடைய பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே முடியாது.

சம்பளம், வீடு, காணி, சேமலாப நிதி என்று எழுதுகிற பத்திரிகையில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். இடம் இருக்கிறது. ஒரு பிள்ளையின் உயரம் என்பது அந்த வீட்டுக்குள் வந்த சம்பளத்தின் கணக்கு. தாய் கருவுற்றிருந்தபோது என்ன சாப்பிட்டாள், பிள்ளைக்காம்பராவில் என்ன கிடைத்தது, மாதக் கடைசியில் அரிசி மட்டும் இருந்ததா, பருப்பும் இருந்ததா என்பதெல்லாம் அந்த எலும்பில் எழுதியிருக்கிறது. அந்த உயரத்தை மட்டும் பார்த்து "நீ வேண்டாம்" என்று அனுப்பினால், தாய் தகப்பனுக்குக் குறைத்துக் கொடுத்த கூலிக்குப் பிள்ளையைத் தண்டிப்பதாகத்தான் முடியும்.

நான் மலைநாட்டில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சங்க வேலையாகச் சில வருடங்களாக வன்னிக்கும் போய் வருகிறேன். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்களிலும், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் நம் சொந்தங்கள் இருக்கிறார்கள். 1977, 1983 கலவரங்களில் தோட்டத்தை விட்டு ஓடிவந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அங்கே கொழுந்து எடுத்தவர்கள் இங்கே வயலிலும் தோட்டத்திலும் நாட்கூலிக்குப் போகிறார்கள். வேலை மாறியது; கூலி வாங்குகிற கை மாறவில்லை.

வன்னியில் உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் கிரிக்கெட்டும் வலைப்பந்தாட்டமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். றக்பி இன்னும் வேர் பிடிக்காத விளையாட்டு. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். ஒரு விளையாட்டைப் புதிதாகத் தொடங்கும் இடத்தில், மற்ற ஊர்களில் உள்ள பிழையான அளவுகோலையும் சேர்த்து இறக்குமதி செய்யத் தேவையில்லை.

துரைமாரின் ஆட்டம்

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. றக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். முன்னால் ஓடலாம், பந்தைக் கையால் பின்பக்கம்தான் கொடுக்கலாம். பந்து வைத்திருப்பவனைக் கபடியில் பிடிப்பது போலப் பிடித்து விழுத்தலாம். ஒரு பக்கத்துக்கு 15 பேர். ஏழு பேர் ஆடும் குறுகிய ஆட்டமும் உண்டு, அதில் ஒரு பாதிக்கு ஏழே நிமிடம்.

இலங்கையில் இதைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். முதல் கழகம் 1879இல் கொழும்பில் தொடங்கியது. பிறகு திம்புள்ள, டிக்கோயா, ஊவா, களனிவெளி என்று தோட்டத் துரைமார் தங்களுக்குக் கழகங்கள் வைத்துக்கொண்டார்கள். ரதல்லவிலும் தரவளையிலும் அவர்களுடைய மைதானங்கள் இன்றும் உள்ளன. மலைச்சரிவில் அவ்வளவு பெரிய சமதரையை வெட்டி எடுத்த மண்வெட்டி யாருடையதாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாடசாலைகளுக்கிடையிலான முதல் ஆட்டம் 1906இல் கண்டியில் கிங்ஸ்வூட், திரித்துவக் கல்லூரிகளுக்கு இடையே நடந்தது. நூறு வருடங்களுக்கு மேலாகியும் பாடசாலை றக்பி என்றால் கண்டியும் கொழும்பும்தான். மைதானத்தைச் சுற்றியே வாழ்ந்த நம் பிள்ளைகள் வேலிக்கு வெளியில் நின்று பார்த்தார்கள்.

இன்று வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது. றக்பி நன்றாக ஆடும் பிள்ளையைப் பெரிய பாடசாலைகள் புலமைப்பரிசில் கொடுத்து எடுக்கின்றன. பொலிஸ், முப்படை, பெரிய கம்பனிகள் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுக்கின்றன. லயத்தில் பிறந்த பிள்ளைக்கோ மலையாளபுரத்தில் பிறந்த பிள்ளைக்கோ அது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் அந்த வாசலில் யார் நிற்கிறார்கள், என்ன அளவுகோல் வைத்திருக்கிறார்கள் என்பது நமக்கு முக்கியம்.

ஒரே வயது, வேறு உடம்பு

பெண் பிள்ளை மிக வேகமாக உயருவது சராசரியாக 12 வயதளவில். ஆண் பிள்ளைக்கு அது 14 வயதளவில் வரும். அந்த ஒரு வருடத்தில் பையன் 8 முதல் 10 சென்றிமீற்றர் வரை உயரலாம். சதையும் பலமும் அதற்குப் பிறகுதான் ஏறும். ஆனால் இது சராசரி. ஒருவனுக்கு 12 வயதிலேயே வரும். இன்னொருவனுக்கு 16இல் வரும். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருக்கும் இரண்டு 13 வயதுப் பையன்களின் உடம்பு வயதில் மூன்று நான்கு வருட வித்தியாசம் இருக்க முடியும். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் இன்னும் குழந்தை. இருவரையும் மோதவிட்டு, விழுந்தவனைப் பார்த்து "திறமை இல்லை" என்று எழுதுகிறோம்.

இதோடு பிறந்த மாதமும் சேருகிறது. வயதெல்லை ஜனவரி முதலாம் திகதியை வைத்து என்றால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவன். கனடாவின் ஐஸ் ஹொக்கி வீரர்களின் பிறந்த திகதிகளை 1985இல் எடுத்துப் பார்த்தபோது, வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே மிக அதிகமாக இருந்தார்கள். ஜனவரிப் பிள்ளைகளுக்குப் பிறவித் திறமை கூட என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிறுவயதில் சற்றுப் பெரியவர்களாக இருந்ததால் அணியில் எடுத்தார்கள். எடுத்ததால் நல்ல பயிற்சி கிடைத்தது. பயிற்சி கிடைத்ததால் நல்ல வீரர்களானார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இவை இரண்டுக்கும் மேலே மூன்றாவது பாரம் ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 32 வீதம். மூன்று பிள்ளைக்கு ஒன்று. கருவில் தொடங்கி இரண்டு வயது வரையான ஆயிரம் நாட்களில் இழந்த உயரத்தை முழுதாகத் திருப்பி எடுப்பது கடினம். ஆனால் ஊட்டம் குறைந்த பிள்ளைகளின் பருவ வளர்ச்சி பிந்தித் தொடங்குகிறது, பிந்தி முடிகிறது. மற்றவர்கள் வளர்ந்து நின்ற பிறகும் அவர்கள் வளருகிறார்கள். ஆகவே 13 வயதில் செய்யும் தெரிவு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓரளவு அநியாயம் என்றால், நம் பிள்ளைகளுக்கு முழு அநியாயம்.

1000 ரூபாய் நாட்சம்பளம் வேண்டும் என்று நாம் 2015இல் கேட்கத் தொடங்கினோம். கிடைத்தது 2021இல். அந்தக் கோரிக்கை எழுந்த வருடம் பிறந்த பிள்ளைக்கு, அது நிறைவேறிய வருடம் ஆறு வயது. அந்தப் பிள்ளையின் ஆயிரம் நாட்களும் பேச்சுவார்த்தை மேசையிலேயே கழிந்தன.

வன்னியின் கணக்கு இன்னும் கொடியது. 2009இல் பிறந்த பிள்ளையை எடுங்கள். தாய் பங்கருக்குள் இருந்தாள், பிறகு செட்டிகுளம் மெனிக் பாமில் வரிசையில் நின்றாள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அதே பிள்ளைக்கு 13 வயதானது 2022இல். உணவு விலை ஒரே வருடத்தில் 90 வீதத்துக்கு மேல் ஏறிய வருடம் அது. பிறந்தபோது யுத்தம், உயர வேண்டிய வயதில் பஞ்சம். அந்தப் பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, கண்டியில் முட்டையும் பாலும் குடித்து வளர்ந்த பிள்ளையோடு ஒப்பிட்டால், அளந்து பார்ப்பது எதை?

வெளிநாடுகளில் சில கழகங்கள் தாய் தகப்பனின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, பிள்ளை எவ்வளவு வளருவான் என்று மதிப்பிடுகின்றன. வசதியான நாட்டில் அது ஓரளவு சரியாக வரலாம். இங்கே அந்த அப்பாவும் அம்மாவும்கூட அரைவயிற்றோடு வளர்ந்தவர்கள். அவர்களுடைய உயரத்தைப் பிள்ளையின் எல்லையாக வைத்தால், தாத்தாவின் பட்டினியைப் பேரனின் தலையில் கட்டுகிறோம்.

வாசல் திறந்த இடங்கள்

இது நடக்காத காரியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தேயிலைத் தோட்டத்தைக் காட்டுகிறேன். மேற்கு வங்காளத்தில், ஜல்பைகுரி மாவட்டத்தில் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டம். நம்மைப் போலவே வெள்ளைக்காரன் காலத்தில் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி. யானை நடமாடும் காட்டோரம். கல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் என்ற றக்பிக் கழகத்தார் 2013 அளவில் அங்கே பந்தைக் கொண்டுபோனார்கள். ஆளைத் தெரிவு செய்யப் போகவில்லை; வந்த பிள்ளைகள் எல்லோரையும் ஆடவிட்டார்கள். கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பெண் பிள்ளைகள் வருடக்கணக்கில் ஆடினார்கள். அவர்களில் சிலர் இந்திய அணி வரை போனார்கள். சந்தியா ராய் அவர்களில் ஒருவர். ஒடிசாவின் ஆதிவாசிப் பிள்ளைகளும் இப்படி வந்தவர்களே. 2019 ஜூனில் மணிலாவில் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21க்கு 19 என்று வென்று, 15 பேர் ஆட்டத்தில் தன் முதல் வெற்றியைப் பெற்றது. வெற்றிக்கான அந்த உதையை அடித்தவர் ஒடிசாவின் சுமித்ரா நாயக்.

தென்னாபிரிக்காவின் சியா கொலிசியையும் சொல்ல வேண்டும். போர்ட் எலிசபெத் நகரத்தின் ஸ்விடே என்ற ஏழைக் குடியிருப்பில் 1991இல் பிறந்தவர். பாட்டி வளர்த்த பிள்ளை. பல நாட்களில் பாடசாலையில் கொடுத்த பாணும் கச்சான் பட்டரும்தான் சாப்பாடு. ஒரு தெரிவுப் போட்டிக்கு விளையாட்டுக் காற்சட்டை இல்லாமல் உள்ளாடையோடு போனவர். 12 வயதில் ஒரு சிறுவர் போட்டியில் அவரைக் கண்டவர்கள், அணியில் பேர் எழுதியதோடு நிற்கவில்லை. நல்ல பாடசாலையில் இடம் கொடுத்தார்கள். படிப்பும் சாப்பாடும் அதோடு வந்தன. அவர் தலைமையில் தென்னாபிரிக்கா 2019, 2023 உலகக் கிண்ணங்களை வென்றது. அதே அணியில் ஆடிய செஸ்லின் கோல்பே 171 சென்றிமீற்றர் உயரம்தான். 2019 இறுதி ஆட்டத்தில் எதிரணியைச் சுழித்து ஓடி எல்லைக்குள் பந்தை வைத்தவர் அவர்.

இதைச் சொல்வதால் றக்பியில் உடம்பு தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. தேவை. முன்வரிசையில் தோள் கொடுத்து முட்டுபவனுக்குப் பாரம் வேண்டும். சில பிள்ளைகள் எவ்வளவு பொறுத்தாலும் அந்த அளவுக்கு வளரமாட்டார்கள். ஆனால் 15 பேரும் முன்வரிசையில் நிற்பதில்லை. ஒன்பதாம் இலக்கத்தில் ஆடுபவனுக்குக் கையும் கண்ணும் வேண்டும், கரையோரம் ஓடுபவனுக்குக் கால் வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எந்த இடம் என்பது 16, 17 வயதில்தான் தெரியவரும். அதுவரை பொறுப்பதுதான் நாம் கேட்பது.

என்ன செய்யலாம்

ஒரு பயிற்றுவிப்பாளர் என்னிடம் சொன்னார்: "டீச்சர், இருபது ஜேர்சிதான் இருக்கு. அறுபது பிள்ளை வந்தா நான் என்ன செய்ய?" நியாயமான கேள்வி. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. மிச்சம் நாற்பது பிள்ளைகளுக்கு ஜேர்சி இல்லாவிட்டாலும் பந்து இருக்கலாம், மைதானம் இருக்கலாம், வாரம் இரண்டு நாள் இருக்கலாம். அணியில் இல்லாதவன் ஆட்டத்திலும் இல்லாமல் போவதுதான் பிழை. அதற்குச் சங்கக் கிளைகளும் பெற்றோரும் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவது, அளவு. ஒருநாள் பார்த்த உயரத்தால் பயனில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதிய உயரம் பேசும். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் பாடசாலைக்கு வந்து தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தரம் 7க்கும் 10க்கும் இடையிலுள்ள மூன்று வருடத்தில்தான் பிள்ளை மிக வேகமாக வளருகிறது. அந்த இடைவெளியை நாம் நிரப்பலாம். சுவரில் ஒட்டிய ஒரு அளவு நாடா, ஒரு தராசு, ஒரு கொப்பி போதும். வேகமாக உயரும் காலத்தில் முழங்கால் நோகும், ஓட்டம் தடுமாறும். கொப்பியைப் பார்த்தால் அது சோம்பேறித்தனம் இல்லை, வளர்ச்சி என்று தெரியும். அந்தக் காலத்தில் பயிற்சியைக் குறைக்கலாம்.

இரண்டாவது, மோதல். நியூசிலாந்தில் சிறுவர் றக்பியைப் பல இடங்களில் வயதோடு பாரத்தையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். நாமும் பிடித்து விழுத்தும் பயிற்சிக்கு ஏறக்குறைய ஒரே அளவான பிள்ளைகளைச் சேர்ப்போம். மற்ற நேரம் தொட்டு ஆடும் றக்பியை எல்லோரும் சேர்ந்து ஆடட்டும். சின்னவன் காயமில்லாமல் இருப்பான். பெரியவனும் பலத்தை மட்டும் நம்பாமல் ஆட்டத்தைக் கற்றுக்கொள்வான். 13 வயதில் எல்லோரையும் இடித்துத் தள்ளியவன் 17இல் மற்றவர்கள் வளர்ந்து நிற்கும்போது ஒன்றும் தெரியாமல் திகைப்பதும் நடக்கிறது.

மூன்றாவது, சாப்பாடு. அரசாங்கத்தின் பாடசாலை உணவு பெரும்பாலும் தரம் 5 உடன் நின்றுவிடுகிறது. உடம்பு அதிகமாகக் கேட்கும் வயது அதற்குப் பிறகுதான் வருகிறது. தோட்டப் பாடசாலைகளிலும் வன்னியின் வறிய கிராமப் பாடசாலைகளிலும் தரம் 11 வரை உணவு வேண்டும் என்பது நம் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கு அடுத்த வரியில் இருக்க வேண்டும். வீட்டில் முடிந்தவரை முட்டை, பருப்பு, நெத்தலி, கடலை, முருங்கைக்கீரை. தயவுசெய்து ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பேணியில் வரும் பவுடர் வாங்காதீர்கள். ஊசி, மாத்திரை என்று யாராவது சொன்னால் பிள்ளையை அந்த இடத்திலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். பாடசாலை றக்பி வீரர்கள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன.

நான்காவது, பெண் பிள்ளைகள். அவர்களின் வளர்ச்சி இரண்டு வருடம் முந்தி வருகிறது. பெரிய பிள்ளையானதும் வீட்டுக்குள் இருத்துகிறோம். உடம்பு பலமெடுக்கும் நேரத்தில் மைதானத்தை மூடுகிறோம். சரஸ்வதிபூரின் தாய்மார் மூடவில்லை. நம் மாதர் சங்கத் தலைவிமார் இந்த விஷயத்தை முன்னின்று பேச வேண்டும்.

ஐந்தாவது, புலமைப்பரிசில். பெரிய பாடசாலை ஒன்று பிள்ளையைக் கேட்டு வந்தால் சந்தோசப்படுங்கள், ஆனால் கேள்வியும் கேளுங்கள். கால் உடைந்தால் படிப்பு தொடருமா? விடுதிச் செலவு எத்தனை வருடத்துக்கு? அணியில் இடம் போனால் பாடசாலையில் இடம் இருக்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வேலை நியமனக் கடிதத்தை வாசித்துப் பார்க்கிற சங்கம், இந்தக் கடிதத்தையும் வாசித்துக் கொடுக்கும்.

கழிக்கப்பட்ட பிள்ளை பந்தை மட்டும் விடுவதில்லை. தரம் 9, 10இல் பாடசாலைக்கு வருவதற்கு அவனுக்கு இருந்த ஒரே காரணம் சில நேரம் அந்த மைதானம்தான். அது போனால் கொழும்புக் கடைக்கோ, வயல் கூலிக்கோ போகிறான். பிறகு திரும்பி வருவதில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த விஷயத்தை எடுங்கள். உங்கள் பாடசாலை அதிபரையும் விளையாட்டு ஆசிரியரையும் கூப்பிடுங்கள். 16 வயதுக்கு முன் எந்தப் பிள்ளையையும் உயரத்துக்காகத் திருப்பி அனுப்புவதில்லை என்று ஒரு தீர்மானம் எழுதி, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் ஏற்கச் செய்யுங்கள். அளவு நாடாவுக்கும் கொப்பிக்கும் ஆகும் செலவைக் கிளை ஏற்கலாம். ஒரு மாதச் சந்தாவில் சின்னப் பங்கு போதும்.